பழைய வீட்டை இடிக்க: இடிப்பவர் பணம் தருவதா, நாம் தருவதா?

சென்னையில் பழைய வீட்டை இடிக்க இரண்டு விதமாக ஒப்பந்தம் பேசுகிறார்கள். முதல் விதத்தில் இடிப்பவர் நமக்குப் பணம் தருவார். தேக்கு நிலை, ஜன்னல், உத்திரம், கம்பி, உடையாத செங்கல் எல்லாம் அவருக்கு. அதற்கு ஒரு தொகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவார். இரண்டாவதில் இடிப்பதற்கு நாம் கூலி கொடுக்கிறோம், சாமான்களை நாமே விற்றுக்கொள்கிறோம். எங்கள் வீட்டுக்கு இரண்டு விதமாகவும் விலை கேட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தோம். கையில் நின்ற பணம் குறைவுதான். ஆனாலும் நாளைக்கே இன்னொரு வீட்டை இடிக்க வேண்டுமென்றால் இதையேதான் செய்வேன்.

ஜேசிபியா, ஆள் வைத்தா என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைத் தெருவின் அகலமும் பக்கத்து வீட்டுச் சுவரும் தீர்மானித்துவிடும். நாங்கள் மாடியை ஆட்கள் வைத்து இறக்கி, தரைத்தளத்துக்கு இயந்திரம் விட்டோம். அவ்வளவுதான்.

முதல் விதத்தில் தலைவலி குறைவு என்பது உண்மை. பழைய மரத்துக்கு எங்கே என்ன விலை போகும் என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. நிலையைக் கீறல் விழாமல் கழற்றுவதிலும் அவருக்கே அக்கறை அதிகம்.

சரி, அப்புறம் எதற்காக இரண்டாவது? வேலை நடக்கும்போது 'நிறுத்து' என்று சொல்லும் பலம் யாரிடம் இருக்கிறது என்பதற்காக.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தால், தனி வீட்டு வேலை பெரும்பாலும் அதன் கண்ணில் படுவதே இல்லை. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 10 பேராவது வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தியது. சொந்தமாகக் குடியிருக்கக் கட்டும் வீட்டுக்கு 10 லட்ச ரூபாய் வரை விலக்கும் இருந்தது. அதன் இடத்தில் 2025இல் நடைமுறைக்கு வந்த, பல தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்தில் அந்த விலக்கு வரம்பு 50 லட்சமாக ஏறியது. ஒரு மாடி வீட்டை இடிக்க வருவது ஐந்தாறு பேர். அங்கே எந்த ஆய்வாளர் வந்து நிற்கப் போகிறார்?

விதி இல்லாமல் இல்லை. கட்டடம் இடிப்பதற்கென்றே ஐ.எஸ். 4130 என்ற இந்தியத் தர நிர்ணய விதித்தொகுப்பு இருக்கிறது. மின்சாரம், தண்ணீர் இணைப்புகளை முதலில் துண்டிக்க வேண்டும். கட்டிய வரிசைக்கு நேர் எதிராக, மேலிருந்து ஒவ்வொரு தளமாக இறங்க வேண்டும். உடைத்ததைத் தளத்தின் மேல் குவித்து வைக்கக் கூடாது. இதில் புரியாத விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் இப்படிச் செய்தால் நாள் கூடும்.

அந்தக் கூடுதல் நாள் யார் பையிலிருந்து போகிறது என்பதில்தான் இரண்டு ஒப்பந்தங்களும் பிரிகின்றன. முதல் விதத்தில் அவர் ஏற்கெனவே பணத்தைப் போட்டுவிட்டார். ஒவ்வொரு நாள் தாமதமும் அவருக்கு நஷ்டம். அதனால் காசாகிற உத்திரத்தையும் கம்பியையும் முதலில் உருவிக்கொள்ளத் தோன்றும். காசாகாத சுவர் பிடிமானம் இல்லாமல் தனியாக நிற்கும். அது எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் அண்ணா சாலையில், ஆயிரம் விளக்குப் பகுதியில் இடித்துக்கொண்டிருந்த பழைய கட்டடத்தின் சுவர் நடைபாதையில் விழுந்து, அந்த வழியாக நடந்து போன இளம்பெண் இறந்துபோனார். ஆபத்து உள்ளே வேலை செய்பவர்களோடு நிற்பதில்லை.

அந்த நேரத்தில் போய் நிறுத்தச் சொன்னால், 'பணம் கொடுத்தாச்சே சார்' என்பார். நம்மிடம் பதில் இருக்காது.

கூலி ஒப்பந்தத்தில் பாக்கி நம் கையில் இருக்கும். நாங்கள் தவணையைத் தளக் கணக்கில் பிரித்தோம். கடைசித் தவணை, ரப்பிஷ் (உடைத்த இடிபாடு) முழுக்க அள்ளி, பக்கத்து வீட்டுக்காரர் தன் சுவரைப் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகு. தெருப்பக்கம் தகரத் தடுப்பு, எல்லோருக்கும் ஹெல்மெட், சுவர் மேல் நிற்பவருக்கு இடுப்பில் கயிறு, மேலே உடைக்கும்போது கீழே ஆள் நடமாடக் கூடாது, இவ்வளவும் எழுத்தில். ஒரு நாள் மாடித் தளத்தில் ரப்பிஷ் இடுப்பளவுக்குக் குவிந்திருந்தது. அதை இறக்கினால்தான் அடுத்த தவணை என்றோம். மேஸ்திரி முணுமுணுத்தார், ஆனால் சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. வெறும் அறிவுரைக்கு அது இறங்கியிருக்காது.

ஆட்களுக்கு விபத்துக் காப்பீடும் இப்படித்தான் சாத்தியமானது. பிரீமியத்தைக் கூலியோடு சேர்த்துத் தருகிறோம் என்றதும் ஒப்பந்ததாரர் பாலிசி நகலைக் கொண்டுவந்தார். பண ஒப்பந்தம், அதாவது முதல் விதம், பேச வந்தவரிடம் இதையே கேட்டபோது, தருவதாகச் சொன்ன தொகையைக் குறைக்கப் பார்த்தார். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையும் கேட்டுப் பாருங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்த ஆட்கள் பலரிடம் அது இருப்பதில்லை, அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சாமான் விற்பதுதான் இதில் அலுப்பு. மரக்கடைக்காரர், இரும்புக்காரர், செங்கல் எடுப்பவர் என்று ஆளுக்கொரு நாள் வருவார்கள், ஆளுக்கொரு பேரம்.

எங்களுடையது ஒரு மாடி வீடு, தேக்கும் கொஞ்சம்தான். வீடு முழுக்கத் தேக்கு உத்திரம் இருந்தால் பண வித்தியாசம் பெரிதாகி, கணக்கு மாறலாம். நாலு மாடி அடுக்ககம் என்றால் இதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பொறியாளரைக் கேளுங்கள். பண ஒப்பந்தம்தான் என்று முடிவாகிவிட்டால், வேலை முடிந்ததும் திருப்பித் தருவதாக ஒரு டெபாசிட்டையாவது அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். நான் அதைச் செய்து பார்த்ததில்லை. ஆனால் டெபாசிட் தர மறுப்பவரிடம் வீட்டை ஒப்படைக்க மாட்டேன்.