"டீலருக்குத் தெரியாது" என்று சொல்லும் ட்யூனிங் கடைகளிடம் கவனம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் புது டீசல் பக்கி (பிக்கப் வண்டி) வாங்கும் நம் ஆட்களிடம், இன்ஜினின் சக்தியைக் கூட்டித் தரும் சில ட்யூனிங் கடைகள் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: "சர்வீஸுக்கு விடுவதற்கு முதல் நாள் கொண்டுவாருங்கள், பழைய மென்பொருள் ஃபைலையே ஏற்றித் தருகிறோம், டீலருக்குத் தெரியவே தெரியாது." இது பொய். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக் குடும்பம் ஒன்று இதை நம்பி ஈசியூ ரீமேப் செய்தது, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் (ஈசியூ) மென்பொருளைச் சக்தி கூடும்படி மாற்றியது. ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில், வான் ரீனன் மலை ஏற்றத்தில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போனது. கடைக்காரர் பழைய ஃபைலை ஏற்றிக் கொடுத்தார். டீலர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து வாரன்டி கோரிக்கையை மறுத்துவிட்டார். திரும்பிப் போய்க் கேட்டால், பில் கொடுக்காத கடைக்காரர் "நாங்கள் செய்ததற்கு என்ன ஆதாரம்?" என்கிறார்.

டீலர் கண்டுபிடிப்பது இப்படித்தான். இன்றைய ஈசியூக்கள் பலவற்றில், எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பதிவாகும். பழைய ஃபைலை ஏற்றுவதும் இன்னொரு முறை எழுதுவதுதான். எண் கூடுமே தவிரக் குறையாது. டீலர்களின் சர்வீஸ் பதிவில் இருக்கும் எண்ணோடு அது ஒத்துவராதபோதே விஷயம் வெளியே வந்துவிடும். சில வண்டிகளில் உச்ச பூஸ்ட் அழுத்தமும் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) சேர்ந்தே பதிவாகியிருக்கும்.

"அப்படியானால் ட்யூனிங் பாக்ஸ் போடுங்கள், கழற்றினால் தடயமே இருக்காது" என்பது அடுத்த தூண்டில். அந்தப் பெட்டி எரிபொருள் ரயிலின் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாய்) அழுத்த சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே உட்கார்ந்து, அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்லும். ஈசியூ அதை நம்பிப் பம்பை மேலும் அழுத்தச் சொல்லும். பம்பும் இன்ஜெக்டரும் சுமப்பது ஈசியூ கணக்கில் இருப்பதைவிட அதிகம். பெட்டியைக் கழற்றினாலும் சென்சார் கனெக்டரின் கிளிப்பில் கீறல் நிற்கும்.

நம் ஊர்ப் பாதைக்கு இதில் தனி ஆபத்து உண்டு. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். மேலே காற்று மெல்லியது. அதே பூஸ்ட் அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். தயாரிப்பாளர் விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியை ட்யூனிங் தின்றுவிட்டால், டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏறும்போது கழிவு வாயுவின் சூடும் டர்போவின் வேகமும் ஒன்றாக எல்லை தாண்டும். முதலில் டர்போ, பிறகு பிஸ்டன் தலை, கிளட்ச். இவற்றுக்கு வாரன்டி மறுக்கப்பட்டால் டீலர் பக்கம்தான் நியாயம்.

ஆனால் டீலரும் வரம்பு மீறுவார். "வெளியே டோ பார் (டிரெய்லர் இழுக்கும் கொக்கி) மாட்டினீர்கள், முழு வாரன்டியும் போச்சு" என்று வாயால் சொல்லி அனுப்புவது நடக்கிறது. ஒத்துக்கொள்ளாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008-இன் 68-ஆம் சட்டம்) பிரிவு 56, பொருள் கைக்கு வந்த 6 மாதம் வரை தரத்துக்கான உத்தரவாதம் தருகிறது. அதிலிருந்து விலக்கு, பொருள் மாற்றப்பட்ட அளவுக்கு மட்டுமே. போட்டி ஆணையத்தின் வாகன வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்ததற்காகவோ மாற்று உதிரிபாகம் போட்டதற்காகவோ மீதி வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்வதற்கு அவை எதிரானவை. அதே வழிகாட்டுதலைக் காட்டிச் சக்தி கூட்டும் ட்யூனிங்குக்கும் பாதுகாப்பு உண்டு என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அது பராமரிப்பு, பழுது, உதிரிபாகம் பற்றியது.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: பழுதான பாகத்துக்கும் நீங்கள் மாட்டியதற்கும் என்ன தொடர்பு? வண்டியை உயர்த்தும் 50 மில்லிமீட்டர் லிஃப்ட் கிட் போட்டால், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட் சாய்ந்த கோணத்தில் ஓடும், ரப்பர் உறை கிழியும், அதற்கு மறுக்கலாம். அதே காரணம் சொல்லி ஏசி கம்ப்ரஸருக்கு மறுக்க முடியாது. டோ பாரில் வம்பு இரும்பால் வருவது குறைவு, வயரிங்கால்தான் அதிகம். பின்விளக்குக் கம்பியைக் கிள்ளிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிளிப் போட்டுவிடுவார்கள். கடற்கரை உப்புக்காற்றில் அது அரித்து, விளக்குகளைக் கவனிக்கும் கண்ட்ரோல் யூனிட்டில் கோளாறு காட்டும். வண்டிக்கென்றே வரும் வயரிங் செட், பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் போட்ட கம்பி, இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

மறுப்பு வந்தால் அவசரப்பட்டு எதையும் கழற்றாதீர்கள், பழைய ஃபைலையும் ஏற்றாதீர்கள். மறைத்ததாகவே அது பேசப்படும். எந்தப் பாகம், ஏன் உடைந்தது, மாற்றம் அதற்கு எப்படிக் காரணம் என்று ஸ்கேன் பதிவோடும் ஜாப் கார்டோடும் (பட்டறையின் வேலைச் சீட்டு) எழுத்தில் கேளுங்கள். இன்ஜினைப் பிரிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். டீலருக்குச் சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தும் தீரவில்லையென்றால் மோட்டார் தொழில் ஆம்புட்ஸ்மனிடம் (வாகனத் தகராறுகளை விசாரிக்கும் நடுவர்) புகார் செய்யலாம். நுகர்வோரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

ட்யூனிங் கடையும் தப்ப முடியாது. அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 26-இன்படி கடையின் பெயர், முகவரி, தேதி, செய்த வேலை, தொகை எல்லாம் உள்ள பில் கொடுப்பது அவர்கள் கடமை. தரமில்லாத வேலைக்குப் பிரிவு 54-இன் கீழ் சரிசெய்யவோ, ஒரு பகுதிப் பணத்தைத் திரும்பவோ கேட்கலாம். பில் இல்லாவிட்டால் வங்கிப் பரிமாற்றச் சீட்டும் வாட்ஸ்அப் செய்திகளும் உதவும், அழித்துவிடாதீர்கள்.

வாரன்டி மறுக்கப்பட்டு உங்கள் செலவில் டர்போ மாற்றுகிறீர்களென்றால், பழையதை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். கழற்றிய பாகங்களைத் தனியே வைத்துத் திருப்பித் தர வேண்டும் என்கிறது பிரிவு 67. தண்டு எண்ணெய் இல்லாமல் தேய்ந்ததா, சக்கர இதழ் அதிவேகத்தில் உடைந்ததா என்று இன்னொரு பட்டறையில் பார்த்துச் சொல்ல அந்த உடைந்த டர்போ கையில் இருந்தாக வேண்டும்.