ரிப்பன் லெய் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு: சாம்பிள் ஒன்று, சரக்கு வேறு, 486 டாலர் போச்சு

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். 486 டாலர்! ஹவாயில் மே மாதம் வந்தால் பட்டமளிப்புக் காலம். பட்டம் வாங்கும் பிள்ளையின் கழுத்தில் முகவாய் மறையும்வரை லெய் (ஹவாய்க்காரர்கள் கழுத்தில் போடும் மாலை) மேல் லெய் விழும். நிஜப் பூ சீக்கிரம் வாடிவிடும், எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. அதனால் ரிப்பன் லெய்க்கும் துணிப்பூ லெய்க்கும் இங்கே நல்ல கிராக்கி. ஹொனலுலுவில் ஆர்டருக்குக் கட்டிக் கொடுக்கிறவர்கள் ஏப்ரலுக்குள் சரக்கு இறக்கியாக வேண்டும். அந்த அவசரத்தைத் தெரிந்துகொண்டுதான் அடிக்கிறார்கள்.

விற்றது, எல்லாப் பொருளும் கிடைக்கிற ஒரு பெரிய இணையச் சந்தையில் கைவினைச் சாமான் மொத்தமாகக் கொடுக்கும் ஒரு கடை. நான் கேட்டது 7/8 அங்குல பாலியஸ்டர் சாட்டின் ரிப்பன். இரண்டு பக்கமும் பளபளப்பு, நெய்த கரை, 100 கெஜ ரோல். ரோல் 14 டாலர் வீதம் 24 ரோல். கூடவே துணியில் செய்த ப்ளூமேரியாப் பூ 1000, ஒன்று 15 சென்ட். மொத்தம் 486.

நம்ப வைத்த விதத்தைக் கேளுங்கள். காசு வாங்காமல் சாம்பிள் அனுப்பினார்கள், பச்சையிலும் வெள்ளையிலும் அரை கெஜத் துண்டு. வெட்டிய முனையில் லைட்டரைக் காட்டினால் சுத்தமாக உருகி மெல்லிய விளிம்பாக இறுகியது. ஈர வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தும் சாயம் ஒட்டவில்லை. கரையை நகத்தால் கீறினால் ஓர் இழைகூடப் பிரியவில்லை. "மொத்தச் சரக்கும் இதேதானா?" என்று எழுதிக் கேட்டேன். "இதே மில், இதே லாட், கவலையே வேண்டாம்" என்று பத்து நிமிடத்தில் பதில். இதற்கு மேல் ஒருத்தர் என்னத்தைச் சோதிப்பது?

வந்தது ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் ரிப்பன். அதனால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ரிப்பனின் நடுக்கோட்டில் அரை அங்குலத்துக்கு ஒன்றாக ஓட்டுத் தையல் போட்டு, கொசுவத்தை நூலில் நெருக்கித் தள்ளி, லேசாக முறுக்கிக்கொண்டே போக வேண்டும். 12 கெஜம் சுருங்கி 40 அங்குல லெய் ஆகும். மடிப்புக்கு மடிப்பு ரிப்பனின் இரண்டு பக்கமும் வெளியே தெரியும். ஒரு பக்கம் மங்கல் என்றால் முழு லெய்யும் தூசி படிந்த மாதிரிதான் இருக்கும். போதாததற்கு இது நெய்த கரையும் இல்லை. அகலத் துணியை நாடாவாகக் கீறி, சூட்டில் விளிம்பை ஒட்டியது. கொசுவத்தை நெருக்கும்போதே விளிம்பு விட்டுப்போய் இழை இழையாகத் தொங்குகிறது. பச்சை ரிப்பனை ஈரத் துணியில் வைத்தால் துணி பச்சையாகிறது. ஹவாய் மழையில் இதை வெள்ளை உடுப்புக்கு மேல் எப்படிப் போடுவது?

அளவிலும் திருட்டு. அட்டைக் குழல் தடிமனாக இருக்கிறதே என்று அளந்தால் ரோலுக்கு 82 கெஜம்தான். 100 கெஜத்தில் 8 லெய் வரும், 82-இல் 6 தான். 24 ரோலுக்கு 48 லெய் அடி!

பூ அதைவிட மோசம். நல்ல துணிப்பூவில் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் காம்பைப் பிடுங்கினால் நடுவில் ஓட்டை கிடைக்கும். அதில் தூண்டில் நரம்பைக் கோத்து, பூவுக்குப் பூ அரை அங்குல ஸ்ட்ரா துண்டு போட்டால் இதழ் நசுங்காது. ஒரு லெய்க்கு 50 பூ. இவர்கள் அனுப்பியதில் காம்பை ஹாட் க்ளூ வைத்து இறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். பிடுங்கினால் இதழும் சேர்ந்து கிழிகிறது. ஊசியைக் குத்தினால் பசைக்கட்டியில் சிக்கி வளைகிறது. நடு மஞ்சள் விரலில் மாவாக ஒட்டுகிறது.

புகார் சொன்னதும் முதல் பதில், "திரையில் நிறம் கொஞ்சம் மாறித் தெரியும்." நான் நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை! அளவு நாடாவோடு படம் அனுப்பினேன். "படம் தெளிவாக இல்லை." மறுபடி அனுப்பினேன். "ஹவாயிலிருந்து திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது." அடுத்து, 486 டாலருக்கு ஈடாக, அதே கடையில் வாங்க 30 டாலர் கூப்பன். பிறகு பதிலே இல்லை. சந்தைக்காரர்களிடம் போனால் 14 நாள் புகார்க் கெடு முடிந்துவிட்டதாம். பெட்டி கலிபோர்னியாக் கிடங்கைத் தொட்ட அன்றே "டெலிவரி ஆயிற்று" என்று பதிந்திருக்கிறார்கள். அங்கிருந்து கப்பலில் ஹொனலுலு வந்து சேர்வதற்குள் கெடு காலி. "எங்கள் விதிப்படி" என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார்கள்.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான். சாம்பிளை நம்பி மொத்தமாகப் போடாதீர்கள், முதலில் ஒரே ஒரு ரோல் விலைக்கு வாங்குங்கள். 10 கெஜத்தை அளந்து எடை போட்டு வையுங்கள், மற்ற ரோல்களைப் பிரிக்காமலே குழலின் எடையைக் கழித்துக் கணக்குப் பார்த்துவிடலாம். பூவில் ஒன்றையாவது காம்பு பிடுங்கிப் பாருங்கள். தீவுகளில் இருப்பவர்கள் புகார்க் கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.