இரண்டு வருடம், மூன்று குடங்கள்

2024 கோடையில் பெங்களூரே தண்ணீருக்கு அலைந்தபோது, ஸ்ரீராமபுரத்துக் கடையொன்றில் மூன்று பிளாஸ்டிக் குடங்கள் வாங்கினேன். இரண்டு பளபளவென்று, விலை குறைவு. மூன்றாவது மங்கல் நீலம், விலையும் கூட, எடையும் கூட. இன்றைக்கு வீட்டில் தண்ணீர் நிற்பது அந்த மங்கலில்தான்.

முதல் குடம் ஏழாம் மாதமே போய்விட்டது. கீழே விழவும் இல்லை, எங்கும் இடிக்கவும் இல்லை. நிறைகுடத்தை இறக்கி வைத்தால் தரை ஈரம். கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்துக் கோட்டில் கசிவு. பீன்யா தொழிற்பேட்டையில் குடம் ஊதும் ஷெட்டில் வேலை செய்கிற மச்சினனிடம் காட்டினேன். "ஒட்டு விட்டுப்போச்சு மாமா" என்றான். அடுத்த சனிக்கிழமை அங்கே கூட்டிப்போனான்.

பிளாஸ்டிக் குருணையை 180, 200 டிகிரிக்கு உருக்குகிறார்கள். மேலேயிருந்து கூழாக ஒரு குழாய் இறங்குகிறது. இரண்டு பாதி அச்சும் வந்து அதைக் கவ்வுகின்றன. அப்போது குழாயின் அடிவாய் நசுங்கித் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிறது. அதுதான் அந்தக் கோடு. சூடு குறைந்தால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. அப்புறம் உள்ளே காற்றை அடிக்க, பலூன் மாதிரி உப்பி அச்சோடு ஒட்டிக் குளிர்கிறது. எங்கே அதிகம் இழுபடுகிறதோ அங்கே சுவர் மெலிசு. குடத்துக்கு அது வயிறு, நாம் இடுப்பில் அணைக்கிற அதே இடம். பிதுங்கிய ஓரங்களை வெட்டி அரைத்து மறுபடி புதுக் குருணையோடு கலக்கிறார்கள். அதில் தப்பில்லை, அளவு மீறினால்தான் வம்பு.

இரண்டாவது குடத்தைக் கெடுத்தது நான்தான். மொட்டைமாடி வெயிலில் ஒரு வருடம் கிடந்து வெளுத்து, விரல் பட்டாலே நொறுங்குகிறது. இப்போது கறிவேப்பிலைத் தொட்டி.

மூன்றாவதிலும் ஒரு குறை உண்டு. வாய் விளிம்பை ஏனோதானோவென்று கத்தியில் சீவியிருந்தார்கள். கையைக் கீறியது. உப்புத்தாளால் தேய்த்த பிறகு சரி.

போன வாரம் நாலாவது வாங்கப் போனோம். மனைவி ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடிக்கோட்டை நகத்தால் நெருடி, வயிற்றை அமுக்கி, வெயிலில் தூக்கிப் பிடித்து மெலிசான இடம் தெரிகிறதா என்று பார்த்தாள். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "குடம் வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களாம்மா?"