ஸ்டிக்கர் ஒட்டப்போய் அட்வான்ஸை இழந்த கதை

வேளச்சேரியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுச் சமையலறை ரொம்பப் பழசு. அலமாரிக் கதவுகளில் மங்கிப்போன பச்சை மைக்கா. அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் கிடையாது, வெறும் சுவர். அதில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் தாளித்த எண்ணெய்க் கறை. டைல்ஸ் போடலாமா என்று ஓனரம்மாவைக் கேட்டதற்கு, "உங்க செலவுல போட்டுக்கோம்மா" என்றார். வாடகை வீட்டுக்கு யார் டைல்ஸ் போடுவார்கள்?

அந்த நேரம் பார்த்துப் போனில் ஒரு விளம்பரம் வந்தது. வெள்ளை மார்பிள் மாதிரி ஒட்டும் பேப்பர், ரோல் 499 ரூபாய், ஒரே ரோலில் கிச்சன் புதுசாகிவிடுமாம். படத்தில் பளபளவென்று ஒரு சமையலறை, ஜன்னலில் சிவப்புப் பூந்தொட்டி. அந்தத் தொட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு "60 × 200" என்று மட்டும் போட்டிருந்தது. செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு ரோல் 13 சதுர அடிகூட முழுசாக வராது. அது எப்படி ஒரு சமையலறைக்குப் போதும் என்று அப்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடாமல் மூன்று ரோல் ஆர்டர் செய்தேன். பொருள் கைக்கு வந்தபின் காசு என்பதால் ஒரு தைரியம். ஆனால் கூரியர் தம்பி காசு வாங்காமல் கவரைப் பிரிக்க விடவில்லை. 1,497 ரூபாயைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து இஞ்ச் டேப் வைத்தால் அகலம் 45 செ.மீ.தான். மூன்றுக்கும் சேர்த்து 39 சதுர அடி வரவேண்டிய இடத்தில் 29. பின்பக்கத் தாளை உரித்துப் பார்த்தேன்; மேலே இருந்த பிளாஸ்டிக் பால் பாக்கெட் கவரைவிட மெல்லிசு.

வாட்ஸ்ஆப்பில் கேட்டேன். "மேடம், அது வேற பேட்ச்" என்று ஒரு பதில். டேப் வைத்து எடுத்த போட்டோவை அனுப்பினேன். அதற்கப்புறம் எனக்கு அவர்களுடைய டிபி தெரியவே இல்லை; என்னை பிளாக் செய்துவிட்டார்கள் போல.

இதோடு விட்டிருந்தால் 1,497 ரூபாயோடு போயிருக்கும். அடுத்தது நானே தேடிக்கொண்ட வினை. வால்பேப்பர் ஒட்டுகிற ஒருவரை நம்பர் பிடித்துக் கூப்பிட்டேன். கூலி 800 என்றார். பேப்பர் பத்தாது என்று அவரே இரண்டு ரோல் கொண்டுவந்தார், தலா 350. ஒட்டிப் பார்த்தால் என்னுடையது வெள்ளை, அவருடையது லேசான மஞ்சள். "லைட் போட்டா தெரியாதுக்கா" என்றார்.

சுவரில் முதல் துண்டை ஒட்டினார். பத்து நிமிஷத்தில் அது மேல் ஓரத்திலிருந்து மெதுவாகச் சுருண்டு கீழே தொங்கியது. எங்கள் சுவர் டிஸ்டெம்பர் அடித்தது. உள்ளங்கையால் தேய்த்தால் கையெல்லாம் வெள்ளைப் பொடி. ஒட்டுப்பசை அந்தப் பொடியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. டிஸ்டெம்பர், சுண்ணாம்பு, ஓதம் ஏறிய சுவர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சுரண்டி, பிரைமர் அடித்து, காயவிட்டு ஒட்ட வேண்டும். தொழில் தெரிந்தவர் சுவரைத் தொட்டவுடனே அதைச் சொல்லியிருப்பார்.

இவர் கீழே போய் ஒரு டின்னோடு வந்தார். தச்சர்கள் மைக்கா ஒட்டுவதற்குப் போடும் மஞ்சள் ரப்பர் பசை. "ஒரு கோட் அடிச்சா மலை மாதிரி நிக்கும்கா." டின்னுக்கு 300 தனி. அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு ஹாலிலிருந்து திரும்பி வருவதற்குள் சுவர் முழுக்க அடித்துவிட்டார். அதோடு நிற்காமல் அலமாரிக் கதவுகளுக்கும் அடித்திருந்தார். கதவில் இருப்பது வழவழப்பான மைக்கா. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்திருந்தால் பேப்பர் தானாகவே ஒட்டியிருக்கும்.

இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைக் கலக்குவது வேறு. அந்தப் பசை சட்டென்று தீப்பிடிக்கும், டின்னிலேயே தீப்பொறிப் படம் போட்டிருக்கும். அவர் பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி அடுப்பில் சிம்மில் பால் இருந்தது. வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் எனக்கே உறைத்தது. ஓடிப்போய் அணைத்தேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா" என்று அவர் சிரித்தார்.

மறுநாளே மார்பிள் முழுக்கக் கொப்புளம். அந்த மெல்லிசு பிளாஸ்டிக்கை ரப்பர் பசை இளக்கிவிட்டது. மூன்றாவது வாரத்தில் அடுப்புக்கு நேர் பின்னால் பழுப்பேறிச் சுருங்கியது. விளம்பரத்தில் சூடு தாங்கும் என்றுதான் இருந்தது. இது பிவிசி, கேஸ் அடுப்புச் சூட்டை எங்கே தாங்கும்? தூக்கிக்கொண்ட ஓரத்துக்குள் கரப்பான் குடிவந்தது. ஒட்டியவருக்குப் போன் செய்தால் "சனிக்கிழமை வரேன்கா" என்பார். எந்தச் சனிக்கிழமை என்று கடைசிவரை சொல்லவில்லை.

வீட்டைக் காலி செய்யும்போது உரித்தோம். பேப்பரோடு பசை, பசையோடு டிஸ்டெம்பர், அதோடு சுவரில் பெயின்ட்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டியும் அப்பளம் அப்பளமாகக் கழன்று வந்தது. கதவுகளில் பசை பழுப்பாக இறுகிக் கிடந்தது. ஓனரம்மா அட்வான்ஸில் 9,000 பிடித்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. என் சுவராக இருந்தால் நானும் பிடித்திருப்பேன். பேப்பர், கூலி, பசை, அட்வான்ஸ் எல்லாம் கூட்டினால் 12,297. அந்தக் காசில் அடுப்புக்குப் பின்னால் டைல்ஸே போட்டிருக்கலாம்.

பேப்பர் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். அதே வீட்டில் பீரோவின் உள்தட்டுகளுக்குக் கடையில் தொட்டுப் பார்த்து வாங்கிய கெட்டிப் பேப்பரை நானே ஸ்கேல் வைத்து ஒட்டினேன். இரண்டு வருஷம் அசையவில்லை. போகும்போது ஹேர் டிரையர் காட்டி இழுத்தால் முழுசாக வந்தது. மிச்சப் பிசுபிசுப்பு தேங்காய் எண்ணெயில் போய்விட்டது. சுவருக்கு ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் கையளவு துண்டை ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ஒட்ட வருகிறவர் தனியாகப் பசை டின் கொண்டுவந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசினேன். விற்றவரின் பெயர், முகவரி கேட்டார்கள். என்னிடம் என்ன இருக்கிறது? கவரில் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, எம்ஆர்பியும் இல்லை. இரண்டும் அச்சிட்டே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆன்லைனில் விற்பவர்கள் குறைதீர்க்கும் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் போட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும் என்று 2020 விதிகளே இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் ஒரு வாட்ஸ்ஆப் நம்பரைத் தவிர எதுவும் கிடையாது. காசு போன பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

போன வாரம் அதே விளம்பரம் மறுபடி வந்தது. பேர் வேறு, விலை 399. சமையலறை அதேதான், ஜன்னலில் அதே சிவப்புப் பூந்தொட்டி.