ரப்பர் கடைக் கணக்குச் செயலி: எலக்ட்ரானா, பி.டபிள்யூ.ஏ.வா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பகுதியில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (உறைந்த ரப்பர் பால்) கொள்முதல் செய்யும் கடைகளுக்கு எடைக் கணக்குச் செயலி எழுத வேண்டி வந்தபோது, எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் போன்ற திறந்த வலை நுட்பங்களில் எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. அதை, வலை நுட்பத்தில் எழுதியதைத் தனிக் கணினிச் செயலியாக்கும் எலக்ட்ரான் என்ற கருவியில் பொதிந்து கொடுப்பதா, உலாவியிலிருந்தே நிறுவிக்கொள்ளும் வலைச்செயலியான பி.டபிள்யூ.ஏ.வாகக் (Progressive Web App) கொடுப்பதா என்பதே கேள்வி. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

தோற்றத்திலும் வேகத்திலும் இவ்வளவு சிறிய செயலிக்குச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும், திரைகளைச் சர்வீஸ் வொர்க்கரும் (உலாவியின் பின்னணியில் ஓடும் நிரல்) கணக்கை இன்டெக்ஸ்டு டிபியும் (உலாவிக்குள்ளேயே உள்ள தரவுத்தளம்) கணினியிலேயே வைத்திருப்பதால் எடை போடுவது தடைபடாது. விண்டோஸ் 7 கணினியை இன்னும் மாற்றாதவர்களுக்கு இரண்டுமே கைகொடுக்காது; குரோம் 110ஆம் பதிப்பிலும், எலக்ட்ரான் 23ஆம் பதிப்பிலும் அதைக் கைவிட்டுவிட்டன.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். எலக்ட்ரான் ஒவ்வொரு செயலிக்குள்ளும் குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியத்தையும், ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸையும் சேர்த்தே கட்டுகிறது. ஆகவே குரோமியத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்படும்போதெல்லாம் நானும் புதிதாகக் கட்டி டிஜிட்டல் கையொப்பமிட்டு, பல எம்பி அளவுள்ள கோப்பை ஒவ்வொரு கடைக்கும் சேர்க்க வேண்டும். எட்டு வாரத்துக்கு ஒரு பெரும்பதிப்பு, கடைசி மூன்றுக்கு மட்டுமே ஆதரவு என்ற எலக்ட்ரான் குழுவின் கணக்கு, தனியாளாக எழுதுபவருக்குக் கட்டுப்படியாகாது. பி.டபிள்யூ.ஏ.வில் உலாவி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. நான் மாற்றிய கோப்பைச் சர்வரில் ஏற்றினால் போதும். ஒரு சிக்கல் உண்டு. காலையில் திறந்த ஜன்னலைக் கடை சாத்தும்வரை மூடாத இடங்களில், புதிய சர்வீஸ் வொர்க்கர் இறங்கிய பிறகும் பழையது விலகும்வரை காத்துக்கிடக்கும். அதற்காகத் திரையின் மேல்பக்கம் ‘புதிய பதிப்பு தயார்’ என்ற பொத்தானை வைத்து, அழுத்தினால் ஸ்கிப் வெயிட்டிங் (காத்திருக்காமல் புதியது பொறுப்பேற்பது) நடந்து பக்கம் மறுபடி ஏறுமாறு செய்திருக்கிறேன்.

மின்தராசின் எடையை வெப் சீரியல் (சீரியல் போர்ட்டில் இணைத்த கருவியோடு வலைப்பக்கம் பேசும் வசதி) வழியாகக் குரோமிலும் எட்ஜிலும் நேரடியாகப் படிக்க முடிகிறது. ரசீது அச்சிடுவதில் மட்டும் எலக்ட்ரானே மேல். அது கேள்வி கேட்காமல் அச்சிடும், உலாவியோ வழக்கமாக ஒவ்வொரு முறையும் பிரிண்ட் பெட்டியைக் காட்டும். குரோமில் யாராவது தளத் தரவை அழித்தால் கணக்கும் போய்விடும் என்பதால், தினமும் சர்வருக்குப் பிரதி அனுப்புவது கட்டாயம்.

எலக்ட்ரானைப் போன்ற இன்னொரு கருவியான டாரியைச் சிறு சோதனைக்கு மேல் நான் பயன்படுத்தியதில்லை. கணினியில் ஏற்கெனவே உள்ள வெப்வியூவையே (செயலிக்குள் வலைப்பக்கம் காட்டும் பகுதி) எடுத்துக்கொள்வதால் அதன் கோப்பு மிகச் சிறியது; ஆனால் லினக்ஸில் அது வெப்கிட் என்ற வேறு உலாவி இயந்திரம் என்பதால் அங்கே வெப் சீரியல் கிடையாது, தராசுப் பகுதியை ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதித்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.