மதுரை ஏசி மெக்கானிக் பயிற்சி: சேரலாமா?

மதுரையில் ஒரு தனியார் மையத்தில் என் தம்பி ஏசி மெக்கானிக் குறுகிய காலப் பயிற்சி முடித்தான். ஃப்ளேரிங் (குழாய் முனையை விரிப்பது), பிரேசிங் (குழாய்களைச் சூடாக்கிப் பற்றவைப்பது) எல்லாம் அவன் கையாலேயே செய்ய வைத்தார்கள், செப்புக் குழாயை வெட்டிப் பிசிறு எடுப்பது வரைக்கும், அது நிஜமாகவே நல்ல விஷயம். ஆனால் குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேக்குவம் பம்ப் போடுவதை வாயால் சொன்னதோடு சரி. குழாயில் காற்றும் ஈரமும் தங்கினால் கம்ப்ரசர் ஆயுசு குறையும், அதிலும் இப்போது புது ஏசிகளில் வருகிற ஆர்32 என்கிற குளிரூட்டும் வாயு தீப்பிடிக்கக்கூடியது, இதைப் பழக்காமல் பையனை மொட்டை மாடிக்கு அனுப்பக் கூடாது.

சித்திரை வெயிலில் வேலைக்குப் பஞ்சமில்லை, ஐப்பசி மழை இறங்கினால் போனே அடிக்காது, அதனால் ஃப்ரிட்ஜ் வேலையும் தெரிந்திருக்கணும். பத்தாவது முடித்தவர்களுக்கு நான் சொல்வது, ஐடிஐயில் 2 வருடம் முறையாகப் படியுங்கள். இந்த மையத்துக்குக் கட்டிய பணத்துக்குப் பாதிப் பயிற்சிதான் கிடைத்தது.