"தண்ணீர் புகாத மரநிலம்" என்று வருகிறார்கள்: வன்னியில் வீடு கட்டுவோர் கவனத்துக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களையும் பழைய வீட்டைப் பெருப்பிக்கிறவர்களையும் தேடி ஆட்கள் வருகிறார்கள். வீட்டு நிலத்துக்கு, அதாவது தரைக்கு, மரப்பலகை போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். கையில் அழகான மாதிரித் துண்டுகள் இருக்கும். முதிரை நிறம், தேக்கு நிறம், கருங்காலி நிறம் என்று எல்லாம் காட்டுவார்கள். "தண்ணி பட்டாலும் ஒண்டும் செய்யாது அக்கா, கறையான் கிட்டவும் வராது, பதினைஞ்சு வருச உத்தரவாதம்" என்பார்கள். அப்படி வந்தவர்களிடம் நாங்கள் வாங்கிப் போட்ட மரநிலம் ஒரு மாரியைக்கூடத் தாண்டவில்லை.

விசயம் இப்போது பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத் தெரிந்து வைத்திருந்தால், எந்தப் பெயரில் வந்தாலும் உங்களால் பிடித்துவிட முடியும்.

எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. பிறகு முன்பக்கம் ஒரு விறாந்தையும் பெரிய அறையும் சேர்த்துக் கட்டினோம். அறைக்கு ரைல்ஸ் போடுவதாகத்தான் இருந்தது. மாமிக்கு முழங்கால் வருத்தம். மார்கழிக் குளிரில் ரைல்ஸில் கால் வைக்கவே கஷ்டப்படுவா. ஒருமுறை ஈரத்தில் வழுக்கி விழுந்தும் இருக்கிறா. அதனால் மரம் நல்லது என்று என் கணவர் சொன்னார். கனடாவில் இருக்கும் அண்ணாவும் தன் வீட்டில் லமினேற் (மரம்போலத் தெரியும் செயற்கைப் பலகை) தான் போட்டிருப்பதாகவும், பல வருடமாகியும் ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அங்கே பலகைக்குக் கீழே நிலவறை இருக்கும், அதற்கு மேல் மரச்சட்டமும் பிளைவூட்டும் இருக்கும், வீட்டுக்குள் ஹீற்றர் ஓடும். இங்கே மண்ணை நிரப்பி, இடித்து, அதற்கு மேல் கொங்கிறீற்றுப் போடுகிறோம். அந்த மண் ஐப்பசியில் நனைந்தால் தைமாதம் வரை காய்வதில்லை. வெளிநாட்டுச் சொந்தங்களிடம் யோசனை கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

முதலில் உண்மையான மரத்தைத்தான் விசாரித்தோம். ஒட்டுசுட்டானில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தச்சு வேலை செய்கிற ஐயா இருக்கிறார். பாலையும் முதிரையும் நிலத்துக்கு நல்ல மரங்கள், ஆனால் காய்ந்த மரமாக இருக்கவேண்டும் என்றார். ஒரு அங்குலத் தடிப்புப் பலகை காற்றில் காய ஏறத்தாழ ஒரு வருடம் பிடிக்கும். அவசரப்பட்டுப் பச்சை மரத்தைப் போட்டால், சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் பலகை குறுக்குவாட்டில் சுருங்கி இடைவெளி விடும். மழை வந்தால் ஊதி ஒன்றையொன்று தள்ளும். விலையும் எங்கள் கைக்கு எட்டவில்லை. இதற்கிடையில் ஒருவர், இரவில் கொண்டுவந்து இறக்கித் தருகிறேன், பாதி விலை என்றார். முதிரையோ பாலையோ தேக்கோ, அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றி இறக்க முடியாது. பிடிபட்டால் மரமும் போகும், வாகனமும் போகும், வழக்கும் வரும். அதைவிட எங்கள் காட்டை வெட்டி எங்கள் வீட்டுக்குள் விரிக்க எனக்கு மனம் வரவில்லை. பாலைப்பழம் பொறுக்கித் தின்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

அந்த நேரம்தான் லமினேற்காரர் வந்தார். 2024 ஓகஸ்ட் மாதம். தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார். 12 மில்லிமீற்றர் தடிப்பு, தேய்மானம் தாங்குவதில் ஏசி4 தரம், தண்ணீர் புகாது, கீழே ஈரத்தடுப்பும் போட்டுத் தருவோம் என்று வாயால் சொன்னார். விலை ரைல்ஸை விட இரண்டு மடங்குக்கு மேல். அரைவாசிக் காசை முன்னுக்கு வாங்கினார். கொடுத்த துண்டில் "மரநிலம், ஒரு அறை" என்று மட்டும் எழுதியிருந்தது. முழு பில்லைக் கேட்டதற்கு வேலை முடிய அலுவலகத்திலிருந்து அனுப்புவோம் என்றார்.

வேலையாட்கள் காலையில் வந்து பின்னேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். பெட்டிகளைத் திறந்த கையோடு மட்டைகளை லொறியில் ஏற்றினார்கள். குப்பையை எங்களுக்கு விட்டுவிட்டுப் போக விருப்பமில்லை என்றார்கள். மிச்சத் துண்டுகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். நிலத்தில் மெல்லிய வெள்ளை ஃபோம் மட்டும் விரித்தார்கள். பலகையைச் சுவரோடு இறுக்கி அடித்து, ஓரத்தை மரச்சட்டத்தால் மூடினார்கள். பார்க்க மிக அழகாக இருந்தது. மாமி வெறுங்காலோடு நடந்து பார்த்துச் சந்தோசப்பட்டா. அந்த முகத்தை நினைத்தால்தான் இன்னும் கோபம் வருகிறது.

நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் வளவில் தண்ணீர் நின்றது உண்மை. ஆனால் வீட்டுப் படியைத் தாண்டி ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. மழை விட்ட பிறகு பலகைகளின் மூட்டுகள் உதடு வீங்கியது போல மேலே எழும்பத் தொடங்கின. பிறகு அறையின் நடுவில் நிலம் கூடாரமாகத் தூக்கியது. கால் வைத்தால் அமுங்கிச் சத்தம் போட்டது. புளித்த மணமும் வந்தது.

கடைக்கு அறிவித்தோம். படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். "வெள்ளச் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரிப் பதில் வந்தது. வெள்ளம் உள்ளே வரவில்லை என்று சொன்ன பிறகு தொலைபேசியையே எடுக்கவில்லை.

ஒட்டுசுட்டான் ஐயாவைக் கூப்பிட்டு இரண்டு பலகையைக் கழற்றினோம். கீழே கொங்கிறீற்று கறுத்து வேர்த்துப்போய் இருந்தது. பொலித்தீன் என்று ஒன்று இல்லவே இல்லை. பலகையை உடைத்துக் காட்டி, "பிள்ளை, இது மரமில்லை. மரத்தூளை அமத்திச் செய்தது, மேலே படம் ஒட்டியிருக்கு" என்றார்.

லமினேற் என்றாலே அப்படித்தான் இருக்கும், அதில் தவறில்லை. மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த நடுப்பலகை, அதற்கு மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள், அதற்கு மேல் தேய்மானம் தாங்கும் கண்ணாடி போன்ற படலம். அந்த மேற்படலம் நல்ல உறுதி, கதிரையை இழுத்தாலும் இலேசில் கீறாது. ஆனால் தண்ணீர் மூட்டு வழியாகவோ அடியிலிருந்தோ நடுப்பலகைக்குப் போனால் அது ஊறிப் பருக்கும். காய்ந்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. முழுமரம் என்றால் காயவிட்டு, இழைத்து, மீண்டும் மினுக்கலாம். லமினேற்றை இழைத்தால் படம் போய்விடும், பிறகு எறிவதுதான் வழி. எங்களுக்கு அதை மரமென்றும் தண்ணீர் புகாதென்றும் சொல்லி விற்றதுதான் மோசடி.

தடிப்பிலும் ஏமாற்று நடந்திருந்தது. ஏற்றாமல் தவறிய ஒரு மட்டைத் துண்டு கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தது. அதில் 8 மில்லிமீற்றர், ஏசி2 என்று அச்சடித்திருந்தது. ஏசி என்பது மேற்படலம் எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதற்கான வகுப்பு. ஏசி2 சாதாரண அளவில் ஆட்கள் நடக்கும் அறைக்கு. ஆட்கள் அதிகம் நடக்கும் முன்னறைக்கு ஏசி3 நல்லது. பிறகு நேரில் போய்க் கேட்டபோது, பலகையும் ஃபோமும் சேர்த்துத்தான் 12 என்று கூசாமல் சொன்னார்கள். இந்த ஏசி வகுப்பு தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். தரம் கூடினால் தண்ணீர் தாங்கும் என்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

இனி யாரும் உங்களிடம் வந்தால், மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி வையுங்கள். தர மறுத்தால் அங்கேயே கதையை நிறுத்துங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள்: முழுமரத்தில் மேலே ஓடும் ரேகை பக்கத்திலும் அடியிலும் தொடர்ந்து போகும், லமினேற்றில் மண்ணிற அட்டை போல ஒரே சீராக இருக்கும். மேலே மெல்லிய உண்மை மரமும் கீழே பிளைவூட்டும் ஒட்டிய இன்னொரு வகையும் உண்டு. அதில் அடுக்கடுக்காகத் தெரியும். பிறகு துண்டின் ஓரத்தை அளந்து குறித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் கல் வைத்து இரவு முழுக்க அமிழ்த்துங்கள். காலையில் மீண்டும் அளந்தால் போதும், விற்பனைக்காரரின் வாயை நம்ப வேண்டியதில்லை.

உங்கள் நிலத்தையும் சோதியுங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனைக் கொங்கிறீற்றில் விரித்து நாலு ஓரமும் காற்றுப் போகாமல் ரேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி நின்றாலோ நிலம் கறுத்தாலோ அந்த நிலத்தில் லமினேற் நிற்காது. ஓகஸ்டில் இந்தச் சோதனை நல்ல முடிவுதான் காட்டும்; கார்த்திகையில் செய்து பாருங்கள். அப்படியும் போடத்தான் வேண்டுமென்றால், ஃபோமுக்குக் கீழே 0.2 மில்லிமீற்றர் பொலித்தீன், விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரிக்கவேண்டும். சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி விடவேண்டும். பெட்டிகளை அறைக்குள் 48 மணித்தியாலம் வைத்த பிறகே திறக்கவேண்டும். எங்கள் வீட்டில் இவற்றில் ஒன்றுகூடச் செய்யவில்லை. வாளியில் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவுகிற பழக்கமுள்ள வீட்டுக்கு லமினேற் எப்போதுமே சரிவராது. பிழிந்த துணியால் துடைக்கத்தான் முடியும். கிணற்றடியிலிருந்து ஈரக்காலோடு ஓடிவரும் பிள்ளைகள் இருந்தால் அதையும் யோசியுங்கள்.

என்னைக் கேட்டால், எங்கள் பக்கத்தில் தரைத்தள அறைக்குச் சொரசொரப்பான ரைல்ஸோ சிவப்புச் சீமெந்தோதான். மரம் வேண்டுமென்றால் அனுமதிப்பத்திரத்தோடு வாங்கிய, நன்றாகக் காய்ந்த மரத்தை மேல்மாடியில் ஒரு அறைக்குப் போடலாம். லமினேற்றும் மேல்மாடிப் படுக்கையறைக்குப் பரவாயில்லை. எங்கள் முன்னறைக்கு இப்போது வழுக்காத ரைல்ஸ் போட்டு, மாமி நடக்கும் இடத்தில் பாய் விரித்திருக்கிறோம்.

முறைப்பாடு பற்றி ஒன்று சொல்லவேண்டும், இதுதான் பலருக்குத் தெரியாதது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட, பொருள் விற்ற நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் விற்ற நிலம் மாரியில் கெட்டு, நாம் அலைந்து திரிந்து முடிய அந்த மூன்று மாதம் போய்விடுகிறது. எங்களுக்கு அப்படித்தான் ஆனது. அதனால்தான் மத்தியஸ்த சபைக்குப் போனோம். இதுவரை கூலிக் காசில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

நீங்கள் கடந்த சில வாரங்களுக்குள் இப்படி ஒரு நிலம் போட்டிருந்தால், மழைக்குக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே ஓரச் சட்டத்தைக் கழற்றி, கீழே பொலித்தீன் இருக்கிறதா, சுவரோரம் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி மட்டையில் ஒன்றையும் பலகைத் துண்டில் ஒன்றையும் எடுத்து வையுங்கள். தடிப்பும் தரமும் எழுதிய பில்லைக் கேளுங்கள்; கேட்டால் பில் தரவேண்டியது விற்றவரின் கடமை. தராவிட்டால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள், மூன்று மாதம் முடிய முன் எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.